பத்து குழி மண்

தை மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணிக்கு மூலக்குளத்தில் என் தையல் கடை வாசலில் குட்டி யானை வந்து நின்று ஹாரன் அடித்தது. சின்ன லோடு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஓட்டுபவர் மூர்த்தி, எங்கள் தெருக்காரர். நான் கொண்டு வந்ததைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்துவிட்டார். ஒரு மண்வெட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், ரவிக்கை லைனிங் துணியில் நானே தைத்த இரண்டு பைகள், ஒரு டப்பா புளிசாதம், மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்த நோட்டீஸ் ஒன்று. களையெடுக்கக் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, மண் பார்க்கப் போகிறேன் என்றேன். பொண்ணு பார்க்கப் போவார்கள், மாப்பிள்ளை பார்க்கப் போவார்கள், மண் பார்க்கப் போகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

விஷயம் இதுதான். பாகூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு காணி நிலம் இருக்கிறது. அப்பா மில் வேலையை விட்டு வந்தபோது கைக்கு வந்ததைக் கொண்டு வாங்கியது. இப்போது எனக்கும் என் அண்ணனுக்கும் பொதுவில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் நூறு குழி ஒரு காணி. ஒரு குழி என்பது ஐந்நூற்று எழுபத்தாறு சதுர அடி. பட்டாவில் ஆர், சாந்தியார் என்று பிரெஞ்சுக்காரன் கணக்கு இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் குழிதான் வரும். ஏக்கர், சென்ட் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்.

போன மாதம் அந்த நிலத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். உப்பு அதிகம், பயிர் வருவது கடினம் என்று கார்டு வந்தது. தாம்பரத்தில் இருக்கும் அண்ணனுக்கு அந்தக் கார்டு தேன்போல் இனித்தது. மனை போடுகிற ஒருவரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். வருகிற திங்கட்கிழமை ஒப்பந்தம். என் கையெழுத்தும் வேண்டும். நான் அவசரக்குடுக்கை. போனிலேயே, உப்பு மண்தான் என்றால் போடுகிறேன் போ என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து மனசே சரியில்லை. அங்கே பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்யும் அஞ்சலை, சம்பா அறுவடைக்கு வருஷா வருஷம் எனக்கு நெல் அனுப்புகிறாள். உப்பு மண்ணில் அந்த நெல் எப்படி வந்தது? சரி, இந்த முறை என் கையால் மண் எடுத்து, என் கையால் கொண்டுபோய்க் கொடுத்து, என் கண் முன்னால் சோதிக்கச் சொல்வது என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பாகூர் தெற்கே இருக்கிறது. நான் முதலில் போனதோ வடக்கே, நாலு கிலோமீட்டர் தள்ளி, கோரிமேட்டுக்கு. ஐம்பத்து நாலு வயசாகிறது, மண்ணைக் கையில் எடுத்து ஒருநாளும் பார்த்ததில்லை. உப்பில்லாத மண் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் உப்பு மண்ணைப் பற்றி யாரிடம் என்ன வாதாடுவது? மூர்த்தி தினமும் அங்கே செம்மண் ஏற்றப் போகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்டேன்.

ஆறு பத்துக்குக் கோரிமேடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே விழுப்புரம், திண்டிவனம் பஸ்களிலிருந்து ஆட்கள் எக்ஸ்ரே கவரும் சோற்றுக் கூடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் எல்லை. அதையும் தாண்டி ஒரு தோப்போரம் வண்டி நின்றது. தரை முழுக்கச் சிவப்பு. முந்திரி, பலா, சவுக்கு, நடுவில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைக் கொடி. வேர்க்கடலையை வேர்க்கடலை என்று சொல்கிறவரை எங்கள் பக்கத்தில் மேல்நாட்டுக்காரர்போல் பார்ப்பார்கள். நோட்டீஸில் போட்டிருந்தபடி ஒரு கை மண் எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டினேன். உருண்டை வந்தது, கயிறுபோல் திரிக்கப் பார்த்தால் உடைந்து விழுந்தது. மழை பெய்தால் அரை மணி நேரத்தில் தண்ணீரைக் குடித்துவிடும், அதனால்தான் இங்கே நெல் இல்லை, ஆழமாய் வேர்விடுகிற மரமும் மல்லாட்டையும்தான் என்றார் மூர்த்தி. என் உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

மூட்டை நூற்று இருபது ரூபாய், வீட்டு வாசலில் இறக்கி. ஏழு மணிக்கு ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் எட்டு மூட்டை இறக்கினோம். மொட்டைமாடித் தோட்டத்துக்காம். வீட்டம்மா மண்ணில் கல் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். வாசலிலிருந்து மதில் வரைக்கும் டைல்ஸ், ஒரு சாண் தரை வெறுமனே இல்லை. வண்டியில் ஏறிய பிறகு மூர்த்தி சொன்னார்:

"கீழ இருக்கற மண்ணுல டைல்ஸ் ஒட்டிட்டாங்க. மேல போட்டுக்க எங்கிட்ட வாங்கறாங்க. நான் ஏங்க்கா கொறை சொல்லணும், எனக்குப் பொழப்பு ஓடுது."

நான் சிரித்தேன். என் வீட்டைச் சுற்றியும் சிமெண்ட்தான், போட்டவளும் நான்தான்.

ஏழே முக்காலுக்கு வில்லியனூரில் இறக்கிவிட்டுப் போனார். பாகூர் இங்கிருந்து பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். எட்டு ஐந்துக்கு பஸ். டிக்கெட் இருபது ரூபாய். மண்வெட்டிக்கு லக்கேஜ் போடவேண்டும் என்று கண்டக்டர் ஆரம்பித்தார். முன்சீட்டில் ஒருவர் ஸ்டெப்னி டயரை மடியில் வைத்துக்கொண்டு வருகிறாரே, அதற்குப் போட்டீர்களா என்று கேட்டேன். அவர் டயர்க்காரரைப் பார்த்தார், டயர்க்காரர் ஜன்னலைப் பார்த்தார். மண்வெட்டி சீட்டுக்கடியில் ஓசியில் வந்தது.

சங்கராபரணிப் பாலம் தாண்டும்போது பார்த்தேன். ஆற்றோரம் மணல் கலந்த மண், தென்னையும் கத்திரியும் நின்றன. அதற்கப்புறம் தரையின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. மங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. மனசு கேட்கவில்லை, பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டேன். பாகூர் டிக்கெட் எடுத்துவிட்டு இங்கே இறங்குகிறாயே என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த பஸ் நாற்பது நிமிஷம் கழித்துத்தான். போகட்டும் என்று கரும்பு வெட்டிய கொல்லைக்குள் நாலடி வைத்தேன். செருப்பு மண்ணிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது. கரிய களிமண். பிசைந்து திரித்தால் முறுக்கு பிழியலாம், அவ்வளவு நீளம் வந்தது. காலையில் பார்த்த சிவப்புக்கும் இதற்கும் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, கோடையில் வெடிப்பு விட்டால் மாட்டுக் காலே உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று அருவாளைக் காட்டிச் சொன்னார்.

ஒன்பது ஐம்பதுக்கு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பாகூர் ஏரியிலிருந்து வரும் வாய்க்காலின் கடைசிப் பாசனம் எங்களுடையது. தென்பெண்ணை காலங்காலமாகக் கொண்டு வந்து போட்ட வண்டல் என்று இந்தப் பக்கத்தார் பெருமையாகச் சொல்வார்கள். சம்பா அறுத்து வைக்கோலும் எடுத்தாகிவிட்டது. அக்கம்பக்கம் எல்லோர் நிலத்திலும் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. எங்கள் காணி மட்டும் நெல் அறுத்த தாளோடு சும்மா கிடந்தது.

அஞ்சலைக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயசிருக்கும். புருஷன் தவளக்குப்பத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், நிலத்துப் பாடெல்லாம் இவளுடையது. வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். காப்பி குடித்தீர்களா என்று கேட்டாள், பஸ் கிடைத்ததா என்று கேட்டாள். அப்புறம் தாளைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"விக்கப் போறீங்களாக்கா? போன வாரம் ரெண்டு பேரு வந்து டேப்பு புடிச்சாங்க. விக்கறதுன்னா சொல்லிடுங்க. உளுந்து வெதைக்கறதா வேணாமான்னு தெரியல. ஈரம் இன்னும் நாலு நாளுதான் தாங்கும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய சேதியை டேப்பு பிடித்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை, மண்ணைப் பொறுத்திருக்கிறது என்றேன். கார்டில் உப்பு என்று வந்ததையும் அண்ணனுக்கு நான் கொடுத்த வாக்கையும் மறைக்காமல் சொன்னேன். போன தடவை நீ மண் எடுத்த இடத்தைக் காட்டு, அங்கேயிருந்தே ஆரம்பிப்போம் என்றேன்.

அவள் நடந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன். நிலத்தின் நடுவில் நிற்பாள் என்று நினைத்தேன், நிற்கவில்லை. முழுக் காணியையும் கடந்து, தென்கிழக்கு மூலையில், ஒரு முழம் தாழ்வாகக் கிடக்கும் துண்டில் போய் நின்றாள். அங்கே மாடு கட்டியிருந்தது. பக்கத்தில் கைவிட்ட போர்வெல். உப்புத் தண்ணீர் வந்ததால் அப்பா காலத்திலேயே மூடியது. தரையில் கோலமாவு கொட்டியதுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கோரைகூடச் சரியாக முளைக்கவில்லை.

இங்கேயா எடுத்தாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்கதானக்கா போன்ல சொன்னீங்க, பத்து குழியிலேர்ந்து மண்ணு எடுத்து அனுப்புன்னு. இதான பத்து குழி?"

ஆமாம். அதுதான் பத்து குழி. அப்பா முதலில் தொண்ணூறு குழி வாங்கினார். இந்த மூலையைப் பிறகு தனியாக வாங்கி ஒரு காணியாக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் இந்த ஊரிலும் அந்தத் துண்டுக்குப் பேரே பத்து குழி. பரிசோதனை நிலையத்தில் ஓர் அதிகாரி அம்மா என்னிடம் சொன்னதும் அதே வார்த்தைதான்: பத்து குழியிலிருந்து மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரை கிலோ அனுப்புங்கள். நானும் அதை அப்படியே போனில் ஒப்பித்தேன். குழி என்றால் எனக்கு நிலம், அஞ்சலைக்கும் நிலம். அந்த அம்மாவுக்கு அது தரையில் தோண்டுகிற பள்ளம். காலையில் முதல் பக்கத்தோடு நிறுத்திய நோட்டீஸை முழுசாக விரித்துப் பார்த்தேன். படமே போட்டிருந்தது. நிலம் முழுக்க வளைந்து வளைந்து போய்ப் பத்து இடத்தில் பள்ளம் தோண்டவேண்டுமாம். வரப்போரம், மரநிழல், உப்புப் பூத்த இடம், மாடு கட்டும் இடம் கூடாதாம். கூடாது என்றிருந்த நாலில் மூன்று அந்த மூலையில் இருந்தன. ஒரு ரவிக்கைக்கு இரண்டு தடவை அளவெடுத்துவிட்டுக் கத்தரி வைக்கிறவள் நான். அப்பா நிலத்துக்கு ஒரு நோட்டீஸை முழுசாகப் படிக்கவில்லை.

அங்கே மண்ணு கெட்டுக் கிடப்பது தெரியாதா, எப்படி எடுத்தாய் என்று கேட்டுவிட்டேன். அஞ்சலை மாட்டை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"யோசிச்சேங்க்கா. நோவு இருக்கற எடத்தத்தான டாக்டர்கிட்ட காட்டுவாங்க, அதான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். ஆனா மத்த எடமெல்லாம்..."

நான் கையை நீட்டி நிறுத்தினேன். நீயும் ஒன்றும் சொல்லாதே, நானும் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணன் வாய்ப்பேச்சை நம்பமாட்டார், எழுத்தில் வரவேண்டும் என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, பிடியைத் தட்டிச் சரிபார்த்துவிட்டு வடக்கு நோக்கி நடந்தாள்.

பத்து இருபதுக்கு முதல் பள்ளம். அரை அடி ஆழத்துக்கு இரண்டு பக்கமும் சரிவாக வெட்டி, சரிவிலிருந்து மேலே தொடங்கிக் கீழே வரைக்கும் ஒரே கனமாகச் சீவி எடுக்கவேண்டும். முதல் பள்ளத்தை நான் வெட்டினேன். அது ஒரு பூனைக்குட்டியைப் புதைக்கலாம் என்கிற மாதிரி வந்தது. மீதி ஒன்பதையும் அவள் வெட்டினாள், நான் பக்கெட்டோடு பின்னால் போனேன். வாய்க்கால் பக்கம் மண்ணில் கொஞ்சம் மணல் கலந்திருந்தது. நடுவில் போகப் போகப் பழுப்பும் கறுப்புமாய், கையில் எடுத்தால் ஈரமாய், விட்டால் பொலபொலவென்று. நாலாவது பள்ளத்தில் மண்புழு. ஏழாவதில் நத்தை ஓடு. திரித்துப் பார்த்தேன். ஒரு விரல் நீளம் வந்து உடைந்தது. காலையில் பார்த்த செம்மண்ணுக்கும் கரும்புக் கொல்லைக் களிக்கும் நடுவில் இது இருந்தது. உப்பா இல்லையா என்று என் கைக்குத் தெரியவில்லை. ஆனால் எட்டாவது பள்ளத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இந்த மண் நல்லதாக இருந்தே தீரவேண்டும் என்று யாரோடோ சண்டை போடுகிற மாதிரி நடந்தேன்.

கலப்பதற்கு அஞ்சலை உரச்சாக்கு கொண்டுவந்தாள். அது கூடாது என்று நோட்டீஸில் இருந்தது, இந்த முறை படித்துவிட்டேனே. காலைக் குளிருக்குப் போர்த்தி வந்த சால்வையை விரித்தேன். மண்ணைப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை ஒதுக்கி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, அரை கிலோ ஆனதும் முதல் பையில் கட்டினோம். பத்து குழி மூலையிலிருந்து தனியாக எடுத்து இரண்டாவது பையில் கட்டினேன். இரண்டிலும் பேனாவால் எழுதினேன். புளிசாதத்தை இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து தின்றோம். அவள் பக்கத்து நிலத்து உளுந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறி, வில்லியனூரில் மாறி, இரண்டே முக்காலுக்குப் பரிசோதனை நிலையம். அந்த அதிகாரி அம்மா மதுரைப் பக்கத்துக்காரர். நடந்ததைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. குழி என்றால் இங்கே ஐந்நூற்று எழுபத்தாறு சதுர அடி நிலம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் குழி என்றிருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் பள்ளம் என்று எழுதினார்.

முறைப்படி மண்ணை நிழலில் உலர்த்தித்தான் பார்க்கவேண்டும், கார்டு அடுத்த வாரம்தான் வரும் என்றார். திங்கட்கிழமை ஒப்பந்தம் என்றேன். உப்பை மட்டும் தோராயமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று இரண்டு குவளையில் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தார். அரை மணி நேரம் தெளியவேண்டுமாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பைக்குத்தான் முதலில் கருவியை விட்டார். போன கார்டில் இருந்ததற்குப் பக்கத்தில் வந்தது. பிறகு கழுவித் துடைத்து, முதல் பையின் குவளையில் விட்டார். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்பு அளவு ஒண்ணுக்குக் கீழதான் இருக்கு. இது நல்ல மண்ணும்மா. அந்த மூலைக்கு மட்டும் ஜிப்சமா வேற எதாவதான்னு கார்டு வந்ததும் பாத்துக்கலாம்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண்ணுக்கு அழுத பெண் என்று அந்த அலுவலகத்தில் இன்னும் பேசிக்கொள்வார்கள், பேசட்டும்.

நாலு மணிக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சிரிக்கவும் செய்தார். கடைசியில், மனைக்கு மண் எப்படி இருந்தால் என்னம்மா, வீடு கட்டுகிறவன் உப்பா பார்க்கப் போகிறான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. தாம்பரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நிலம் ஒரு காகிதம். போன மாதம் வரைக்கும் எனக்கும் அப்படித்தான்.

"உப்பு மண்ணுன்னா கையெழுத்து போடறேன்னு சொன்னேண்ணா. உப்பு இல்ல. நான் போடமாட்டேன்."

சின்ன வயசிலிருந்து உன் பிடிவாதம் தெரிந்ததுதான், சரி, திங்கட்கிழமை வரச்சொன்னவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த வருஷம் உட்கார்ந்து பேசுவோம் என்றார். அடுத்த வருஷமும் இதையேதான் சொல்வேன் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

அடுத்து அஞ்சலைக்குப் போட்டேன். நல்ல சேதி சொல்லப்போகிற பெருமை எனக்கு. பத்து குழியைத் தவிர மீதி தொண்ணூறும் நல்ல மண், கருவி வைத்துப் பார்த்தாகிவிட்டது, நிலம் விற்கவில்லை, உளுந்தை விதை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் பக்கம் மாடு கத்தியது. உளுந்தை நாளைக் காலையிலேயே போட்டுவிடுகிறேன் என்றாள். அப்புறம் சொன்னாள்:

"மண்ணு நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியுமேக்கா."

தெரிந்தால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன்.

"நீங்க மண்ணத்தான கேட்டீங்க, குடுத்தேன். என்னை யாரும் கேக்கலயே."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். காலையிலிருந்து மூர்த்தியைக் கேட்டேன், கரும்பு வெட்டுகிறவரைக் கேட்டேன், அதிகாரியைக் கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக அந்த மண்ணில் நிற்கிறவள் வாயைத் திறந்தபோது கையை நீட்டி மூடவைத்தேன். மூலக்குளத்திலிருந்து கோரிமேடு, வில்லியனூர், மங்கலம், பாகூர் என்று அத்தனை தூரம் போனது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்துக்காக.

தப்புதான் அஞ்சலை, இப்போது கேட்கிறேன், அந்த நிலத்தைப் பற்றிச் சொல் என்றேன். அவள் சிரித்தாள். இப்பவேவா என்றாள். இப்போதே என்றேன். வாய்க்கால் ஓரம் எது வரும், நடுவில் எது இரண்டு போகம் தாங்கும், எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், அந்தப் பத்து குழியில் மழைக்காலத்தில் தண்ணீர் நிறுத்தி உப்பைக் கழுவி வடித்துப் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுதால் மூன்று வருஷத்தில் என்ன ஆகும் என்று ஆரம்பித்தாள். மூலக்குளம் பஸ் ஒன்று வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.